0.7எக்ஸ்: லினக்ஸில் ஒரு டிவிடி எழுத ஒன்றேகால் மணி நேரம் ஆன கதை

பழைய படங்களையும் ஸ்கேன் செய்து வைத்திருந்த பக்கங்களையும் டிவிடியில் ஏற்றி வைக்கலாம் என்று உட்கார்ந்தேன். யூஎஸ்பியில் செருகும் மெல்லிய டிவிடி ரைட்டர், 8எக்ஸ் வரை எழுதக்கூடியது. எக்ஸ் என்பது எழுதும் வேகத்தின் அலகு. வட்டின் மேல் 16எக்ஸ் என்று அச்சடித்திருந்தது. 4.3 ஜிபி தரவு. பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் முன்னேற்றப் பட்டை பாதியைக்கூடத் தொடவில்லை.

வட்டு மட்டம் என்று முதலில் முடிவு கட்டினேன். வேறு வட்டு போட்டேன், அதே கதை. பிரசெரோ என்ற வட்டு எழுதும் மென்பொருளை விட்டு கே3பி என்ற இன்னொன்றுக்கு மாறினேன், அதே கதை. வேகத்தை 'தானியங்கி'யிலிருந்து 8எக்ஸ் என்று மாற்றிப் பார்த்தேன். மென்பொருள் தலையாட்டியது, ரைட்டர் அசையவில்லை. இணையத்தில் தேடியபோது கிடைத்த அறிவுரைகளில் பாதி, எச்டிபார்ம் கட்டளையால் டிஎம்ஏவை, அதாவது சிபியுவின் கை படாமல் தரவை நகர்த்தும் வசதியை, இயக்கச் சொன்னது. அதையும் செய்தேன். இந்தச் சாதனத்துக்கு அந்த அழைப்பு பொருந்தாது என்று முகத்தில் அடித்தாற்போல் பதில் வந்தது. அது கணினிக்குள்ளே ஐடிஇ என்ற பழைய வகைக் கேபிளில் ரைட்டரை மாட்டிய காலத்து மருந்து. அப்போது டிஎம்ஏ அணைந்திருந்தால் ஒவ்வொரு துண்டுத் தரவையும் சிபியு தானே தூக்கிப் போட வேண்டியிருக்கும், கணினியே திணறும். அன்று அது சரியான மருந்துதான். யூஎஸ்பி ரைட்டருக்கு அது எந்த வகையிலும் உதவாது.

திருப்பம், கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலில்தான் வந்தது. டிவிடி எழுதும் குரோஐசோஎஃப்எஸ் கட்டளையை நேரடியாக ஓட்டினேன். கே3பி டிவிடி எழுதும்போது திரைக்குப் பின்னால் அழைப்பதும் அதைத்தான். அழகான பட்டைக்குப் பதிலாக அது ஒரு வரியைக் காட்டும்: எத்தனை பைட் போயிற்று, எத்தனை எக்ஸ் வேகம், இன்னும் எவ்வளவு நேரம். கடைசியில் ஆர்பியூ, யூபியூ என்று இரண்டு சதவீதங்கள் இருக்கும். பல வருடங்களாகப் பார்த்தும் பார்க்காமல் கடந்து போனவை அவை இரண்டும்.

ஆர்பியூ என்பது கணினியின் நினைவகத்தில் இருக்கும் தொட்டி, வழக்கமாக 32 எம்பி. வன்தட்டிலிருந்து படிப்பது அதில்தான் வந்து விழும். யூபியூ என்பது ரைட்டருக்குள்ளேயே இருக்கும் சிறு தொட்டி. லேசர் குடிப்பது அதிலிருந்து. என் திரையில் ஆர்பியூ 100 சதவீதத்தில் அசையாமல் நின்றது. யூபியூ முப்பதுக்கும் பத்துக்கும் நடுவே ஊசலாடியது. வேகம் 0.7எக்ஸ். மேல்தொட்டி தளும்புகிறது, கீழ்த்தொட்டி வறண்டு கிடக்கிறது. அப்படியானால் வன்தட்டின் மேலும் குற்றமில்லை, வட்டின் மேலும் குற்றமில்லை. அடைப்பு நடுவில் உள்ள குழாயில்.

காதும் அதையே சொல்லிக்கொண்டிருந்தது, நான்தான் கேட்கவில்லை. ரைட்டர் சீராகச் சுழலவில்லை. ஐந்தாறு நொடி உறுமும், அடங்கும், மறுபடி உறுமும். தொட்டி காலியானதும் லேசரை அணைத்து, நிரம்பியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. பழைய சிடி ரைட்டரில் இது நடந்திருந்தால் வட்டு அங்கேயே குப்பை. இப்போதைய ரைட்டர்கள் தாக்குப்பிடித்துக்கொள்கின்றன. கோளாறு இருப்பதையும் அதனாலேயே மறைத்துவிடுகின்றன.

டிவிடியில் 1எக்ஸ் என்பது நொடிக்கு 1385 கேபி. 0.7எக்ஸ் என்றால் சுமார் 970 கேபி. இந்த எண்ணை எங்கோ பார்த்திருக்கிறேனே என்று தோன்றியது. யூஎஸ்பி 1.1இன் உச்சம் நொடிக்கு 12 மெகாபிட், நடைமுறையில் ஒரு எம்பி அளவு. யூஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்யூஎஸ்பி கட்டளையை மர வடிவில் காட்டச் சொன்னேன். ரைட்டர் இருந்த கிளையின் நுனியில் 12எம் என்று இருந்தது. அங்கே 480எம் இருக்க வேண்டும்.

லினக்ஸின் மையமான கெர்னல் எழுதி வைக்கும் குறிப்புகளைக் காட்டும் டிமெஸ்ஜியில் பழைய வரிகளைத் தேடினேன். ரைட்டரைச் செருகிய நேரத்தில் 'புதிய ஃபுல்-ஸ்பீட் யூஎஸ்பி சாதனம்' என்று கெர்னல் எழுதி வைத்திருந்தது. முழு வேகம் என்று படித்தால் யாருக்குத்தான் சந்தேகம் வரும்? 1996இல் முதல் யூஎஸ்பி வந்தபோது 12 மெகாபிட்தான் முழு வேகம். 2000இல் 480 மெகாபிட் வந்தபோது அதற்கு ஹை-ஸ்பீட் என்று பெயர் வைத்துவிட்டார்கள், பழைய பெயரை மாற்றவில்லை. இந்தப் பெயர்க் குழப்பத்தில் எத்தனை பேர் மண்டையை உடைத்துக்கொண்டார்களோ!

குற்றவாளி, மேசைக்கு எட்டட்டும் என்று நான் போட்டிருந்த நீட்டிப்புக் கேபிள். செருகியவுடன் சாதனமும் கணினியும் 'உனக்கு அதிவேகம் தெரியுமா' என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும். கேபிள் மட்டமாக இருந்தால் அந்தப் பேச்சு தோற்று, இருவரும் 12 மெகாபிட்டுக்கு இறங்கிவிடுவார்கள். பிழைச்செய்தி எதுவும் வராது. கேபிளைக் கழற்றி, பின்பக்கம் மதர்போர்டிலேயே இருந்த துளையில் நேராகச் செருகினேன். மரத்தில் 480எம். வேகம் 3.3எக்ஸில் தொடங்கி, எழுத எழுத ஏறி, முடியும்போது எட்டைத் தொட்டது. பதினொரு நிமிடம்.

தொடக்கத்தில் 3.3 என்பதைப் பார்த்து முதலில் திக்கென்றது. அது கோளாறு இல்லை. என் ரைட்டர் வட்டை ஒரே சுழற்சி வேகத்தில் சுற்றுகிறது. டிவிடி உள்விளிம்பிலிருந்து வெளிநோக்கி எழுதப்படுகிறது. வெளிவட்டம் பெரிது, ஒரு சுற்றில் அங்கே அதிகம் அடங்கும். பெட்டியில் போட்டிருக்கும் எக்ஸ் கடைசி நிமிடத்து வேகம்.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். ஸ்கேன் பக்கங்கள் இருந்த அடைவை எழுதியபோது மறுபடி மந்தம். இப்போது ஆர்பியூ சரிந்து பூஜ்யத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. மேல்தொட்டியே வறண்டால் கேபிளைக் குறை சொல்ல முடியாது, ஊற்றிலேயே தண்ணீர் இல்லை. முப்பதாயிரம் சிறு கோப்புகள், பழைய வன்தட்டு. ஒவ்வொன்றுக்கும் அதன் முள் ஓடி ஓடித் தேட வேண்டும்.

வட்டைத் தொடாமலே சோதிக்க ஒரு வழி உண்டு. கோப்புகளை வட்டுக்கேற்ற ஒரே பொதியாகக் கட்டும் ஜென்ஐசோஇமேஜின் வெளியீட்டை, வருவதையெல்லாம் விழுங்கிவிடும் டெவ்-நல்லுக்கு அனுப்பி நேரம் பார்ப்பது. 19 நிமிடம் ஆனது. சந்தேகத்தில் இன்னொரு முறை ஓட்டினேன், 4 நிமிடம்! சரியாகிவிட்டது என்று துள்ளாதீர்கள், நான் துள்ளினேன். முதல் ஓட்டத்தில் படித்ததையெல்லாம் கெர்னல் நினைவகத்தில் வைத்திருந்து கொடுத்தது, அவ்வளவுதான். கணினியை அணைத்துப் போட்டு அளந்தால் மறுபடி 19. அதன்பின் முதலில் எல்லாவற்றையும் ஐஎஸ்ஓ என்ற ஒரே கோப்பாக உள்வன்தட்டில் கட்டிவிட்டு, அந்த ஒற்றைக் கோப்பை எழுதினேன். ஆர்பியூ நூறை விட்டு இறங்கவே இல்லை.

நடுவில் வேறொரு கட்டிலிருந்து எடுத்த வட்டு மட்டும் 4எக்ஸைத் தாண்ட மறுத்தது. வட்டின் விவரம் காட்டும் டிவிடி+ஆர்டபிள்யூ-மீடியாஇன்ஃபோ கட்டளை அந்த வட்டுக்கு 4எக்ஸை மட்டும்தான் பட்டியலிட்டது. வட்டில் பதிந்திருக்கும் தயாரிப்புக் குறியீட்டை ரைட்டருக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேர் அறிந்திருந்தால்தான் அதற்கேற்ற வேகம் தரும், தெரியாவிட்டால் பத்திரமாக மெதுவாகப் போகும். இதை லினக்ஸிலிருந்து மாற்ற நமக்கு வழியில்லை. அப்படியே எழுதி, திரும்பப் படித்து, தரவு மாறவில்லை என்று காட்டும் சரிபார்ப்பு எண்ணை (செக்சம்) ஒப்பிட்டேன். பொருந்தியது.

நீட்டிப்புக் கேபிளைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. இப்போது அதில் விசைப்பலகை தொங்குகிறது. அதற்கு 1.5 மெகாபிட்டே தாராளம்.