ஆசிரியர் குழுவில் கேள்வி கேட்கும்போது

இணையத்தில் ஆசிரியர் குழுக்களில் சேர்வது எளிது. பயன் கிடைப்பது நாம் கேட்கும் விதத்தைப் பொறுத்தது. "பிள்ளைகளுக்குப் பின்னம் புரியவில்லை, என்ன செய்யலாம்?" என்று போட்டால் பொதுவான அறிவுரைதான் வரும். 1/2 + 1/3 = 2/5 என்று எழுதிய விடைத்தாளைப் படமெடுத்துப் போடுங்கள். தொகுதியைத் தனியாக, பகுதியைத் தனியாகக் கூட்டியிருப்பது பார்த்தவுடன் தெரியும். இதே பிழையைத் திருத்திப் பழகியவர்கள் பதில் சொல்வார்கள். எந்த வகுப்பு, ஏற்கெனவே எப்படி விளக்கினீர்கள் என்றும் ஒரு வரி சேருங்கள். மாணவர் பெயர், பதிவு எண், முகம் எதுவும் படத்தில் தெரியவே கூடாது.

கிடைத்த யோசனையை ஒரு பிரிவில் மட்டும் செய்து பார்த்து, எங்கே தடுமாறினார்கள் என்று அதே உரையாடலில் எழுதுங்கள். பெரும்பாலோர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். அதனால்தான் அதே கேள்வி மறுபடி மறுபடி வருகிறது.