அப்பாவின் தடியோடு வெள்ளியங்கிரி

எங்கள் வீட்டு பூஜை அறைக் கதவுக்குப் பின்னால் ஒரு மூங்கில் தடி சாத்தியிருக்கும். கை பிடிக்கிற இடம் எண்ணெய் பூசினது போலக் கறுத்து வழவழவென்று இருக்கும். அதற்குக் கீழே, ஒரு கணுவுக்கும் அடுத்த கணுவுக்கும் நடுவில், 14 வெட்டுகள். கோவைக்கு மேற்கே, ஏழு மலை தாண்டிப் போய்ச் சிவனைக் கும்பிடுகிற வெள்ளியங்கிரிக்கு ஏறி இறங்கி வந்த ஒவ்வொரு வருடமும் அப்பா தன் கையால் போட்டவை. அந்த நேரத்தில் கத்தியை வேறு யாரிடமும் தர மாட்டார்.

15வது வெட்டு பாக்கி நின்றது. என் மகள் ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். 1 கிலோ 100 கிராம் எடை. 41 நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாள். மருத்துவமனை வாசலில் நின்று மேற்கே பார்த்துக் கும்பிட்டு, "பிள்ளை நல்லபடியா வீடு வந்து சேரட்டும் ஆண்டவனே, செருப்பில்லாம ஏறி வர்றேன்" என்று அப்பா வேண்டிக்கொண்டார். பிள்ளை வீடு வந்தாள். ஆனால் அடுத்த பங்குனிக்குள் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. அதற்கப்புறம் ஒவ்வொரு மாசியிலும், மலையேற வனத்துறை அனுமதி கொடுத்தாச்சு என்று பேப்பரில் செய்தி வந்ததும் அவர் கண் அந்தக் கதவுப் பக்கம் போகும். வாய் திறந்து எதுவும் கேட்க மாட்டார். இந்த வருடம் நானே போய்க் கேட்டேன். "நீ ஏறினா நான் ஏறின மாதிரிதான் சாமி. செருப்பு மட்டும் போடாதே" என்றார்.

மூன்று பேர் கிளம்பினோம். எதிர் வீட்டு அண்ணன் விசைத்தறி வைத்திருக்கிறார், 22 வருடமாக ஒரு வருடம் விடாமல் ஏறுகிறவர். விரதம், காவி வேட்டி, வழி நெடுக ஐந்தெழுத்து. இன்னொருவர் தங்கச்சி வீட்டுக்காரர், எங்கள் மாப்பிள்ளை. அவருக்கு மலை என்றால் உயிர். உத்தராகண்டில் கேதார்கந்தா வரைக்கும் பனியில் ஏறிவிட்டு வந்தவர். கோயில் என்றால் வெளியில் நின்று செருப்பைப் பார்த்துக்கொள்கிற ரகம். மாமனார் வேண்டுதல் என்பதால் வருகிறேன் என்று சொல்லித்தான் வந்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் பேரூர் பட்டீசுவரரைக் கும்பிட்டுவிட்டு, ஆலாந்துறை, இருட்டுப்பள்ளம், செம்மேடு தாண்டிப் பூண்டி போய்ச் சேர்ந்தபோது மணி எட்டரை. கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். வண்டி நிறுத்துவதற்கு ஒரு ஆள், "இங்க போடுங்க, இல்லாட்டி காலையில வண்டியே எடுக்க முடியாது" என்று மிரட்டிக் காசு வாங்கினார். மாப்பிள்ளைக்கு வாங்கின தடிக்கு முதலில் ஒரு விலை சொல்லி, கையில் எடுத்ததும் இன்னொரு விலை. ஆண்டவன் சன்னிதிக்கு முன்னாலேயே இதைச் செய்ய எப்படித்தான் மனசு வருகிறதோ. ஆனால் அதே வரிசையில் ஒரு அம்மா, என் வெறுங்காலைப் பார்த்துவிட்டு, காசே வாங்காமல் ஒரு கட்டு சுக்குப் பொடி பேப்பரில் மடித்துக் கொடுத்தார். வெள்ளியங்கிரி ஆண்டவரையும் மனோன்மணி அம்மனையும் சேவித்துவிட்டு, வனத்துறைச் சோதனையில் பிளாஸ்டிக் கவரில் இருந்த பிஸ்கட்டையெல்லாம் பேப்பருக்கு மாற்றிக்கொண்டு, ஒன்பதரைக்கு முதல் படியில் கை வைத்தோம்.

முதல் மலை ஏறினவர்களுக்குத் தெரியும். ஒரு வழிக்கு ஏறத்தாழ 6 கிலோமீட்டர் நடையில் ஆளை முதலில் சோதிப்பது அதுதான். முழங்கால் உயரக் கல், ஒன்றுக்கொன்று பொருந்தாத படிகள். டார்ச் வெளிச்சம் ஒரு கோடாக மேலே போய்க்கொண்டே இருக்கிறது, முடிவே தெரியவில்லை. பாதி தூரத்தில் என் இடது கால் பெருவிரல் கல்லில் மோதி நகம் பிளந்தது. மாப்பிள்ளை ஒரு நிமிடத்தில் கட்டுப் போட்டுவிட்டார். "இந்த ஷூவையாவது போட்டுக்கங்க மச்சான், மாமாகிட்ட நான் சொல்லிக்கறேன்" என்றார். அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. "வேண்டுதலுக்கு நடுவுல செருப்பு போடச் சொல்றீங்களே மாப்பிள்ளை!" நான் தடியை ஊன்றி எழுந்து நடந்தேன்.

வெள்ளை விநாயகர் வரைக்கும் மூவரும் சேர்ந்தேதான் போனோம். அதற்கப்புறம்தான் ஒவ்வொருவரும் மலையை எப்படிப் பார்க்கிறோம் என்பது தெரிய ஆரம்பித்தது. அண்ணன் எங்கேயும் உட்கார மாட்டார். "உக்காந்தா உடம்பு ஆறிப் போயிரும், அப்புறம் கால் எந்திரிக்காது. அவன் இழுத்துட்டுப் போறான், போயிட்டே இருக்கணும்" என்பார். மாப்பிள்ளைக்கு அரை மணிக்கு ஒரு தரம் எல்லோரையும் நிறுத்தித் தண்ணீர் குடிக்க வைக்க வேண்டும். "நாங்க பனியில போறப்ப கடைசி ஆள் வர்ற வரைக்கும் முதல் ஆள் நிப்பான்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். எங்களைச் சுற்றிலும் நூறு விதமான ஆட்கள். ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டுக்கொண்டு மூன்று மணி நேரத்தில் மேலே போயாக வேண்டும் என்று ஓடுகிற பையன்கள். படிக்கு ஒரு "நமசிவாய" சொல்லி ஏறுகிற பெரியவர். முன்பின் தெரியாதவர்கள் எல்லோரும் ஒருவரை ஒருவர் "சாமி" என்றுதான் கூப்பிட்டார்கள். "இன்னும் கொஞ்சம்தான் சாமி" என்று இறங்கி வருகிறவர்கள் எல்லாம் சொன்னார்கள். அது பொய் என்று சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். ஆனாலும் அந்தச் சொல் காலுக்கு அடுத்த இருபது படியைக் கொடுத்துவிடுகிறது.

பாம்பாட்டிச் சுனையில் தண்ணீர் பிடித்து, கைதட்டிச் சுனையில் முகம் கழுவி, நாலாவது மலையைத் தாண்டும்போது மணி இரண்டு இருக்கும். மரங்கள் குறைந்து புல் மேடு ஆரம்பிக்கிற இடம். காற்று சட்டைக்குள் புகுந்து விலாவைக் குத்தியது. அங்கே பாதையோரம் ஒரு பாறையில் சாய்ந்து ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஐம்பது, ஐம்பத்தைந்து வயசு. ஆட்கள் அவரைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார்கள். மலையில் இப்படி உட்கார்ந்திருப்பவர்கள் வழி நெடுக உண்டு, யாரும் பெரிதாக நினைக்க மாட்டோம். நானும் தாண்டிவிட்டேன். மாப்பிள்ளை மட்டும் நின்றார். டார்ச்சை அவர் முகத்தில் அடிக்காமல் கை மேல் அடித்துப் பார்த்தார். அந்தக் குளிரிலும் அந்த மனிதருக்கு வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்தது. இடது தோளை வலது கையால் பிடித்தபடி, "வாயுப் பிடிப்புங்க, சரியாயிரும். நீங்க போங்க" என்றார். சேலம் பக்கம். கூட வந்தவர்கள் முன்னால் போய்விட்டார்களாம்.

"மச்சான், இது வாயு இல்லை" என்று என் காதோடு சொன்னார் மாப்பிள்ளை.

அண்ணன் அவசரப்பட்டார். சூரியோதயத்துக்குள் ஏழாவது மலைக்குப் போனால்தான் கூட்டத்தில் சிக்காமல் தரிசனம் கிடைக்கும். "திருநீறு பூசி விடுங்க. ஆண்டவன் மலைக்கு வந்தவனை ஆண்டவன் பாத்துக்குவான். கூட வந்தவங்க இறங்கி வருவாங்கல்ல" என்றார். அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. அப்படிச் சொல்லும்போதே தன் கம்பளியைக் கழற்றி அந்த மனிதரின் மேல் போர்த்திக்கொண்டிருந்தார். 22 வருடமாக அந்த நம்பிக்கைதான் அவரை ஏற்றியிருக்கிறது. மாப்பிள்ளை எதிர்த்துப் பேசவே இல்லை. பையை இறக்கி வைத்தார். "நீங்க ரெண்டு பேரும் போங்க. வேண்டுதல் உங்களுது. நான் இவரோட இருக்கேன்."

எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. ஒரு பக்கம் கையில் அப்பாவின் தடி. இன்னொரு பக்கம் பாறையில் அந்த மனிதர். அவர்தான் என்னைப் பார்த்து, "வெறுங்காலோட வந்திருக்கீங்க. போயிட்டு வாங்க சாமி" என்றார். பக்கத்தில் சுக்கு காப்பிக் கடை போட்டிருந்த மலைவாசித் தம்பி அதற்குள் இன்னும் மூன்று பேரைக் கூட்டி வந்துவிட்டார். மரக்கம்பில் போர்வையைக் கட்டி டோலி தயாரானது. ஸ்பீக்கரோடு ஓடிக்கொண்டிருந்த பையன்களில் இரண்டு பேர் நின்று, பாட்டை அணைத்துவிட்டு, "நாங்க லைட் பிடிச்சிட்டு வர்றோம்ணா" என்றார்கள். அவர்கள் எல்லோரும் கீழே போகிற வெளிச்சத்தைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். அண்ணனும் நின்றார். உட்காரவே மாட்டேன் என்றவர் அந்தப் பாறையில் உட்கார்ந்துவிட்டார். அதற்கப்புறம் ஆண்டி சுனை வரைக்கும் நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை.

ஆண்டி சுனைக் குளியலைச் சொல்ல வார்த்தை இல்லை. முதல் முழுக்கில் மூச்சு நின்று வந்தது. ஈர வேட்டியோடு ஏழாவது மலை. சரளைக் கல் காலுக்கடியில் உருள, தடி இல்லாவிட்டால் நான் ஏறியே இருக்க மாட்டேன். ஊன்றும்போதெல்லாம் அந்த 14 வெட்டுகளும் உள்ளங்கையில் தட்டுப்பட்டன. அப்பா இதே கல்லில்தான் ஊன்றியிருப்பார். கிழக்கு வெளுத்து, கீழே மேகம் பால் கொட்டினது போலப் பரந்து கிடந்தது. எல்லோரும் கைபேசியைத் தூக்கினார்கள். நான் பார்க்கவில்லை, வரிசையில் என் முறை வந்துகொண்டிருந்தது.

பெரிய பாறைகள் ஒன்றுக்கொன்று சாய்ந்து நிற்க, அதற்குள்ளே சுயம்புவாக எம்பெருமான். பின்னாலிருந்து தள்ளுகிறார்கள், முன்னாலிருந்து திரும்ப இடமில்லை. கற்பூரப் புகை கண்ணைக் கரிக்கிறது. மூன்று வருடமாக இந்த நிமிடத்துக்கு என்று ஒரு வேண்டுதல் வைத்திருந்தேன். பிள்ளைக்கு ஆயுசு கொடு, அப்பாவுக்குக் கையைக் கொடு என்று. பூசாரி "பேர், நட்சத்திரம்" என்றார். மகள் பேரையும் அப்பா பேரையும் சொன்னேன். அதற்குள் நாக்கு தானாக, "இன்னொருத்தர் சாமி, சேலத்துக்காரர். பேர் தெரியாதுங்க" என்றது. நட்சத்திரமும் தெரியாது. பூசாரி தலை நிமிரக்கூட இல்லை. "அவருக்குத் தெரியும், நகருங்க" என்று கை நிறையத் திருநீறை அள்ளிக் கொடுத்தார். நான் அழுதுவிட்டேன். அந்த நெரிசலில் யாரோ ஒருவர் என் முதுகைத் தடவிக் கொடுத்தார், முகம் பார்க்கவில்லை.

இறங்கினதைப் பற்றி என்ன எழுத? முழங்கால் நடுங்கியது, கட்டு அவிழ்ந்து விரலில் ரத்தம் காய்ந்திருந்தது, வெயில் ஏறிவிட்டது. மத்தியானம் பூண்டி வந்ததும் மாப்பிள்ளைக்குப் போன் அடித்தேன். அவர் கோவையில் ஒரு மருத்துவமனை வராந்தாவில் இருந்தார். அடிவாரத்து மருத்துவ முகாமில் பார்த்து, 108இல் ஏற்றி, அவரும் கூடவே போயிருக்கிறார். மாரடைப்புதான். "இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே உக்காந்திருந்தா கஷ்டம்னு டாக்டர் சொன்னாரு மச்சான். இப்பப் பரவால்லை, கண்ணு முழிச்சுட்டாரு" என்றார். பூண்டிக் கொடிமரத்தடியில் விழுந்து கும்பிட்டேன். அப்பனே, யாரை எதற்காக மலைக்குக் கூட்டி வருகிறாய் என்று எங்களுக்கு என்ன தெரியும்! மாமனாருக்காக வந்தவரை அந்தப் பாறை முன்னால் நிறுத்தினாயே. கோயிலுக்குள் வராதவர் என்று நானே எத்தனை தரம் வீட்டில் குறை பேசியிருக்கிறேன். அண்ணன் வீட்டுக்குக்கூடப் போகாமல், என் கையிலிருந்து பாதித் திருநீறை வாங்கிக்கொண்டு நேராக அந்த மருத்துவமனைக்குப் பஸ் ஏறினார். கம்பளியைத் திருப்பி வாங்கவில்லையாம். அவரே வைத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் உள்ளவர்கள் தயவுசெய்து மருத்துவரைக் கேட்காமல் ஏறாதீர்கள். வருடா வருடம் இந்த மலையில் உயிர் போகிறது. அடிவாரத்தில் நின்று கும்பிட்டாலும் ஆண்டவன் ஏற்றுக்கொள்வான்.

அன்று ராத்திரி எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். எனக்கு முன்பே மாப்பிள்ளை வந்து, அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். அப்பா தடியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். கத்தியைக் கேட்டார். வலது கை வரவில்லை. தடியின் ஒரு முனையை என் மகள் இறுக்கிப் பிடித்துக்கொள்ள, இடது கையால் நாலைந்து தரம் அழுத்தி அழுத்தி அந்த 15வது வெட்டைப் போட்டார். மற்ற வெட்டுகளைப் போல நேராக இல்லை, கொஞ்சம் சாய்ந்திருக்கிறது.

நான் தடியை எடுக்கப் போனேன். "இரு" என்றார் அப்பா. "மாப்பிள்ளை தடி எங்கே?"

"அது கார்லயே கெடக்குதுங்க மாமா. நான்தான் மேல போகவே இல்லையே" என்றார் மாப்பிள்ளை.

"எடுத்துட்டு வரச் சொல்லு."

புது மூங்கில், தோல்கூட மஞ்சளாகவில்லை. என் மகள் அதையும் பிடித்துக்கொண்டாள். அப்பா கண்ணை இடுக்கிக்கொண்டு, கைப்பிடிக்குக் கீழே இடம் பார்த்துக் கத்தியை வைத்தார். பச்சைச் சீவல் ஒன்று சுருண்டு அவர் மடியில் விழுந்தது. மாப்பிள்ளை அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.