பொத்தானை ஒளிக்கலாம், நிலவரத்தை ஒளிக்கக் கூடாது

1366×768 அளவுள்ள மடிக்கணினித் திரையில் உயரத்துக்கு இருப்பது 768 பிக்சல். அதில் விண்டோஸ் 11-இன் டாஸ்க்பார் 48 பிக்சலை எடுத்துக்கொள்கிறது. உலாவியின் டேப் வரிசையும் முகவரிப் பட்டையும் சேர்ந்து ஏறத்தாழ 85. புக்மார்க் பட்டைக்கு இன்னொரு 30. பக்கத்துக்கு மிஞ்சுவது 600 சொச்சம். கட்டுரையில் ஒரு வரி 24 பிக்சல் உயரம் என்று கொண்டால், புக்மார்க் பட்டையை மறைத்துச் சம்பாதிப்பது ஒன்றேகால் வரி. அதற்கு விலையாக, ஒரே கிளிக்கில் திறந்த தளத்தை இனி மெனு, அதற்குள் புக்மார்க், அதற்குள் பெயர் என்று மூன்று கிளிக்கில் திறக்க வேண்டும். நாளுக்கு இருபது முறை போகிற தளம் என்றால் இது நஷ்டம். மாதம் ஒருமுறை என்றால் லாபம்தான். உலாவியின் முகப்பைச் சுருக்குவது பற்றிய பேச்சு பெரும்பாலும் அழகைச் சுற்றியே நடக்கிறது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பவர்கள் குறைவு.

சுருக்கம் வெறும் மோகமாகத் தொடங்கவில்லை. 2006-இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 7 மெனு வரிசையை மறைத்தது. 2008 செப்டம்பரில் குரோம் வந்தபோது 1024×600 திரை கொண்ட நெட்புக்குகள் என்ற சிறு மடிக்கணினிகள் விற்றுக்கொண்டிருந்தன. அங்கே ஒவ்வொரு வரிசையும் பாரம். குரோம் டேப்களைச் சாளரத்தின் உச்சிக்கு ஏற்றியதில் வேறொரு நன்மையும் இருந்தது. இலக்கு பெரிதாகவும் அருகிலும் இருந்தால் கை சீக்கிரம் சேரும் என்பது 1954-இல் பால் ஃபிட்ஸ் வகுத்த விதி. திரையின் விளிம்பைத் தொட்டு நிற்கும் இலக்கில் மவுஸை எவ்வளவு வேகமாகத் தள்ளினாலும் அது தாண்டிப் போகாது. ஆனால் டேப்புக்கும் விளிம்புக்கும் இடையே கிளிக்கை ஏற்காத ஒரே ஒரு பிக்சல் இருந்தாலும் அந்த நன்மை முழுதாகப் போய்விடும். சுருக்க வடிவமைப்பின் வெற்றி இப்படி ஒற்றைப் பிக்சலில் நிற்கிறது.

எதை மறைக்கலாம் என்பதற்கு எங்கள் அளவுகோல் ஒன்றே: அது செயலா, நிலவரமா? அச்சிடுவது, பக்கத்தைச் சேமிப்பது, மூடிய டேப்பை மீட்பது எல்லாம் செயல்கள். செய்ய நினைப்பவர் தேடுவார். மெனுவில் கிடைக்கும், விசைப்பலகையிலும் வழி உண்டு. நிலவரம் அப்படியல்ல. எந்தத் தளத்தில் இருக்கிறோம், பக்கம் இன்னும் இறங்குகிறதா, இன்னும் எவ்வளவு நீளம் பாக்கி, எந்த டேப்பிலிருந்து சத்தம் வருகிறது, இது பிரைவேட் சாளரமா என்பதெல்லாம் கண்ணில் பட்டால்தான் தெரியும். மாறிவிட்டது என்றே தெரியாத ஒன்றை எவரும் மெனுவுக்குள் போய்த் தேடமாட்டார்.

இதை ஜூம் விஷயத்தில் உலாவிகள் சரியாகச் செய்திருக்கின்றன. பக்கம் 100 சதவீதத்தில் இருக்கும்வரை எந்த அடையாளமும் இல்லை. 110 ஆக்கியதும் முகவரிப் பட்டையில் ஃபயர்ஃபாக்ஸ் அந்த எண்ணையும் குரோம் ஒரு பூதக்கண்ணாடியையும் காட்டுகிறது. வழக்கத்திலிருந்து விலகும்போது மட்டும் தோன்றுவது என்ற இந்த முறைதான் நல்ல சுருக்கம்.

முகவரிப் பட்டையில் நடந்தது இதற்கு நேர்மாறு. 2018 செப்டம்பரில் வந்த குரோம் 69, முகவரியிலிருந்து ‘டபிள்யூ டபிள்யூ டபிள்யூ’வையும் மொபைல் தளங்களின் ‘எம்’ முன்னொட்டையும் மறைத்தது. பெயரின் தொடக்கத்தில் மட்டுமல்லாமல் நடுவில் வந்தாலும் அவை காணாமல் போயின. முன்னொட்டு உள்ள முகவரியும் இல்லாத முகவரியும் வெவ்வேறு தளங்களாக இருக்க முடியும் என்பதால் எதிர்ப்பு எழுந்தது. அந்த மாற்றம் திரும்பப் பெறப்பட்டது. 2019-இல் குரோம் 76, ‘டபிள்யூ டபிள்யூ டபிள்யூ’வை மீண்டும் மறைத்தது, கூடவே ‘எச்டிடிபிஎஸ்’ஸும் போனது. முழு முகவரி வேண்டுமென்றால் முகவரிப் பட்டையில் ரைட் கிளிக் செய்து ‘ஆல்வேஸ் ஷோ ஃபுல் யூஆர்எல்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். சஃபாரியில் செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு பகுதியில் இதே வசதி உண்டு.

தளத்தின் பெயரை மட்டும் காட்டுவதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. மோசடிக்காரர்கள் நீண்ட முகவரிக்குள் வங்கியின் பெயரைச் செருகிக் கண்ணை ஏமாற்றுகிறார்கள். அதற்கு மருந்து, தளப் பெயரை அழுத்தமான நிறத்திலும் மற்றதை மங்கலாகவும் காட்டுவது. எதையும் வெட்ட வேண்டியதில்லை. பெயர் நீளமாகி இடம் போதாதபோது மட்டும் வெட்டித்தான் ஆக வேண்டும், அப்போது இடப்பக்கத்தை வெட்ட வேண்டும். தளத்தின் உண்மையான உரிமையாளரைச் சொல்லும் பகுதி பெயரின் வலது கோடியில்தான் இருக்கிறது. குறுகிய மொபைல் திரையில் வலப்பக்கம் வெட்டப்பட்டால் மோசடிக்காரர் முன்னால் ஒட்டிய பொய்ப்பெயர் மட்டுமே மிஞ்சும்.

டேப்களுக்கு வருவோம். குரோம் இடம் குறையக் குறைய டேப்பைச் சுருக்கிக்கொண்டே போகும். கடைசியில் சின்னம் மட்டும் நிற்கும். ஃபயர்ஃபாக்ஸ் 76 பிக்சலுக்குக் கீழே இறங்காமல், வரிசையை உருட்ட வைக்கும். எல்லா டேப்களும் ஒரே பார்வையில் தெரிவது ஒன்றில், பெயரின் முதல் எழுத்துகளாவது தெரிவது மற்றதில். 2021-இல் சஃபாரி 15-இன் ‘காம்பாக்ட்’ அமைப்பு டேப்பையும் முகவரியையும் ஒரே வரிசையாக்கியது. இடம் மிச்சமானது உண்மை. ஆனால் முகவரிப் பெட்டி திறந்திருக்கும் டேப்புக்குள்ளேயே குடியிருந்ததால், டேப் மாறும்போதெல்லாம் அதுவும் இடம் மாறியது. கை பழகுவது இடத்துக்குத்தான். நகர்ந்துகொண்டே இருக்கும் பெட்டிக்குக் கை எப்படிப் பழகும்? சஃபாரி செட்டிங்ஸில் ‘டேப்ஸ்’ பகுதிக்குப் போய் ‘செப்பரேட்’ என்று மாற்றிக்கொள்ளலாம்.

உயரத்தை உண்மையிலேயே மிச்சப்படுத்த நினைப்பவர்கள் டேப்களைப் பக்கவாட்டுக்கு நகர்த்துவது நல்லது. கட்டுரைப் பத்தி 800 பிக்சல் அகலத்தைத் தாண்டுவது அரிது. 1366-இல் 200-ஐப் பக்கப்பட்டைக்குக் கொடுத்தாலும் வாசிப்புக்குக் குறையில்லை. எட்ஜில் இது 2021-இலேயே வந்தது. டேப் வரிசையில் ரைட் கிளிக் செய்தால் கிடைக்கும். ஃபயர்ஃபாக்ஸில் 2025-இல் வந்த 136-ஆம் பதிப்பிலிருந்து செட்டிங்ஸின் ‘ஜெனரல்’ பகுதியில் இருக்கிறது. பக்கப்பட்டையைச் சின்னங்கள் மட்டும் தெரியுமாறு மடக்கிவிடாதீர்கள். ஒரே தளத்தின் ஐந்து டேப்கள் திறந்திருந்தால் ஐந்தும் ஒரே சின்னமாகத்தான் தெரியும்.

ஸ்க்ரோல் பட்டையை மறைத்ததில் எங்களுக்குச் சிறிதும் உடன்பாடில்லை. அது பொத்தான் அல்ல, அளவுகோல்: பக்கம் எவ்வளவு நீளம், எங்கே நிற்கிறோம் என்று சொல்கிறது. 2011-இல் மேக் ஓஎஸ் லயன் அதைத் தேவைப்படும்போது மட்டும் தோன்றச் செய்தது. 2022-இல் ஃபயர்ஃபாக்ஸ் 100, விண்டோஸ் 11-இல் அதையே பின்பற்றியது. மெலிந்த பட்டையைப் பிடிக்கப் போனால், சாளரத்தின் ஓரம் கையில் சிக்கிச் சாளரமே அளவு மாறும். ஃபயர்ஃபாக்ஸ் செட்டிங்ஸிலும், விண்டோஸ் 11-இன் ஆக்சஸிபிலிட்டி, விஷுவல் எஃபெக்ட்ஸ் பகுதியிலும் ‘ஆல்வேஸ் ஷோ ஸ்க்ரோல்பார்ஸ்’ இருக்கிறது. மேக்கில் அப்பியரன்ஸ் பகுதியில் ‘ஆல்வேஸ்’ என்று வைக்கலாம்.

சாளரத்தின் உச்சியில் பக்கத்தின் பெயரைக் காட்டிய தலைப்புப் பட்டை போனதால் வரும் தொல்லை சிறியது, ஆனால் தினசரி: டேப்கள் நிறைந்ததும் சாளரத்தைப் பிடித்து இழுக்க இடமிருக்காது. ஃபயர்ஃபாக்ஸில் கருவிப்பட்டையில் ரைட் கிளிக், ‘கஸ்டமைஸ் டூல்பார்’, கீழே இடது மூலையில் ‘டைட்டில் பார்’ என்பதில் டிக். அதே திரையில் முகவரிப் பட்டையின் இருபுறமும் இருக்கும் வெற்று இடைவெளிகளை இழுத்து வெளியே போட்டால் முகவரிக்கு அகலம் கூடும்.

குறைக்கத் தொடங்குமுன் ஒரு வாரம் எதையும் தொடாமல், எந்தப் பொத்தானை அழுத்துகிறீர்கள் என்று மட்டும் குறித்து வையுங்கள். அதன்பின் ஒவ்வொன்றாக எடுங்கள். ஐந்தை ஒரே நாளில் எடுத்தால் எது இல்லாமல் கை தடுமாறுகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. எண்ணிக்கையைக் குறையுங்கள், அளவைக் குறைக்காதீர்கள். 2023-இல் வந்த டபிள்யூசிஏஜி 2.2 அணுகல்தன்மை நெறிகள், அழுத்தும் இடம் பொதுவாக 24×24 பிக்சலாவது இருக்க வேண்டும் என்கின்றன. அது வலைப்பக்கங்களுக்கான விதிதான். ஆனாலும் கை நடுங்குபவர்க்குப் பக்கத்தின் பொத்தான் வேறு, உலாவியின் பொத்தான் வேறு அல்ல.

உலாவியில் நாமே சேர்க்கும் எக்ஸ்டென்ஷன் என்ற துணை நிரல்களின் சின்னங்களிலும், செயலா நிலவரமா என்ற இதே வேறுபாட்டைப் பாருங்கள். கடவுச்சொல் பெட்டகத்தின் சின்னத்தை எக்ஸ்டென்ஷன்களைத் தொகுத்து வைக்கும் ‘பஸில்’ பொத்தானுக்குள் தள்ளிவிடலாம். அது பெரும்பாலும் உள்நுழைவுப் பெட்டியிலேயே வந்து நிற்கும். பக்கத்துக்குள் ஓடும் நிரல்களை நிறுத்தும் ஸ்கிரிப்ட் தடுப்பானை வெளியே பின் செய்து வையுங்கள். கட்டணப் பக்கத்தில் ‘சமர்ப்பி’ பொத்தான் அசையாமல் நின்றால், காரணம் தளமா தடுப்பானா என்று அந்தச் சின்னத்தின் நிறத்தைப் பார்த்துத்தான் முதலில் தெரிந்துகொள்ள முடியும்.