என்வலப்பை யார் கையில் கொடுப்பது?

கொழும்பில் கந்தோர் சிநேகிதர் வீட்டுத் தானத்துக்கு நம்மாட்களும் பங்கு போடுவதுண்டு. வெற்றிலையோடு காசு வைத்த ஒரு என்வலப்பையும் ஹாமதுருவின் (புத்த பிக்குவின்) கையில் நீட்டிவிடுவோம். பிக்குமாரின் ஒழுக்க விதிகளான விநயத்தின்படி அந்த என்வலப்தான் கரைச்சல்.

இலங்கையில் உள்ள பௌத்த மரபான தேரவாதத்தில் பிக்குவுக்கு 227 விதிகள். அதில் மீறினால் பொருளைக் கைவிட்டுத் தன் குற்றத்தை ஒப்புக்கொள்ளவேண்டிய 30 விதிகள் தனிக்கூட்டம். அங்கே 18ஆவது, பொன், வெள்ளி, காசு வாங்காதே என்கிறது; 19ஆவது காசு வைத்துக் கொடுக்கல் வாங்கல் செய்யாதே என்கிறது. வாங்கிவிட்டால் சங்கத்தின் முன் கைவிடவேண்டும். எடுத்துக்கொள்ள இல்லறத்தார் யாரும் இல்லையென்றால், ஒரு பிக்குவை நியமித்து, விழுந்த இடத்தைக்கூடக் குறித்துவைக்காமல் வீசச்சொல்லவேண்டும். புத்தர் மறைந்து ஏறக்குறைய 100 வருடத்தில் வைசாலியில் சங்கம் கூடியபோது சண்டைக்கு வந்த பத்து விஷயங்களில் காசும் ஒன்று. அப்போதே அப்படி!

சரியான வழி இது: காசைப் பன்சலையில் (விகாரையில்) உதவிக்கு நிற்கும் இல்லறத்தாரிடம் கொடுங்கள். பிக்குவிடம், "உங்கள் சீவரத்துக்கானது (காவி உடைக்கானது) இன்னாரிடம் இருக்கிறது, தேவைப்பட்டால் கேளுங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள். அவர் மூன்று தரம் வாய்விட்டு நினைவூட்டலாம். ஆறு தரம் வரை பேசாமல் போய் நிற்கலாம். அதற்குமேல் நெருக்கக்கூடாது. பொருள் கிடைக்காவிட்டால் உங்களிடம் சொல்லி, கொடுத்ததைத் திருப்பி வாங்கிக்கொள்ளச் சொல்வது அவர் கடமை.

சாப்பாட்டிலும் இதே பிழை நடக்கும். கையேந்தி வாங்கிய உணவை மறுநாளைக்கு வைத்துச் சாப்பிடக்கூடாது. நெய், தேன், சர்க்கரை போன்றவை மருந்தாக ஏழு நாள். பச்சை அரிசியை அவர் ஏற்பதே இல்லை. ஆகவே அரிசி மூட்டை, பருப்பு, டின்மீன் எல்லாம் உதவியாளரிடமே போகட்டும்.

தானே பயிரிட்டுச் சாப்பிடவும் வழியில்லை. மண்ணைத் தோண்டுவதும் செடியை வெட்டுவதும் குற்றம்; யாரும் கொடுக்காததை வாயில் வைப்பதும் குற்றம். தினமும் ஊராரின் வாசலை நம்பியிருந்தால்தான் ஊராரின் கண்ணும் அவர்மேல் இருக்கும்.

இலங்கைச் சட்டம் வேறு பாதையில் போகிறது. விகாரைச் சொத்துப் பற்றிய 1931ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் தனிப்பட்ட உடைமையை ஒத்துக்கொள்கிறது; அதன் பெயர் புத்கலிகம். சங்கத்துக்கு உரியது சாங்கிகம். 20ஆம் பிரிவின்படி பிக்கு தன் சொந்தப் பாவனைக்கென்று சேர்த்ததை உயிரோடிருக்கையில் கைமாற்றலாம். மாற்றாமல் இறந்தால் அது அவர் சேர்ந்த விகாரைக்குப் போகும். பரம்பரையாக வந்தது மட்டும் விலக்கு. பாடசாலையில் படிப்பித்துச் சம்பளம் எடுக்கும் பிக்குமார் உள்ள நாட்டில், விநயம் மூடிய கதவுக்குப் பக்கத்தில் திறந்துகிடக்கும் ஜன்னல் இது.

இதில் கை சுடுவது காணி கொடுப்பவர்களுக்குத்தான். "பன்சலைக்கு" என்று மனதில் நினைத்துக்கொண்டு உறுதியைப் பெரிய ஹாமதுருவின் பெயரில் எழுதுவார்கள். பிறகு அவர் விற்றால் கேட்பது கஷ்டம். விற்காமல் இறந்தாலும், அவர் சேர்ந்த விகாரை நீங்கள் நினைத்த விகாரையாகவே இருக்கும் என்றில்லை. நொத்தாரிசிடம் போகும்போதே, சங்கத்துக்குக் கொடுப்பதாகவும் எந்த விகாரைக்கு என்றும் எழுதச்சொல்லுங்கள். குறைந்தது நான்கு பிக்குமார் முன்னிலையில் நீர் வார்த்து ஒப்படையுங்கள். திகதியையும் நின்றவர்களின் பெயர்களையும் அன்றைக்கே எழுதிவையுங்கள். வழக்கென்று வந்தால் கேட்கப்போவது அதைத்தான்.