குறுவை அறுத்த வயலில் கோல்ஃப் படித்த கதை

உடற்கல்விப் படிப்பில் கோல்ஃப் விதிகளும் உண்டு. மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊரில் கோல்ஃப் மைதானத்துக்கு எங்கே போவது? நோட்ஸை மனப்பாடம் செய்துகொண்டு முதல் வைவாவுக்கு, அதாவது வாய்மொழித் தேர்வுக்குப் போனேன். "டீயில் (ஒரு குழிக்கான ஆட்டம் தொடங்கும் இடத்தில்) அடித்த பந்து எல்லைக்கு வெளியே போய்விட்டது. அடுத்தது எத்தனையாவது அடி?" என்றார்கள். திருதிருவென்று விழித்தேன்.

அப்புறம்தான் பழைய ஹாக்கி மட்டையும் ரப்பர் பந்துமாகக் குறுவை அறுத்த வயலில் இறங்கினேன். தாளடிக்கு உழும்வரை பத்து நாள் கிடைத்தது. வாய்க்கால்தான் சிவப்புக் கம்பு நட்ட பெனால்டி ஏரியா, அதாவது பந்து விழுந்தால் அபராதம் வரக்கூடிய பகுதி. பக்கத்து வயல் வரப்பு வெள்ளைக் கம்பு, அதாவது எல்லை. மதகுக் கட்டையில் உட்கார்ந்திருந்த பெரியப்பா கேட்டார்: "ஏன்டா தம்பி, தண்ணில விழுந்தா எடுத்து அடிக்க வேண்டியதுதானே?" அவருக்குச் சொன்னபோதுதான் எனக்கே விளங்கியது.

வாய்க்காலில் கிடந்தபடியே அடிக்க முடிந்தால் அபராதமே இல்லை. முடியாவிட்டால் ஒரு அடி அபராதம், மூன்று வழி. முன்பு அடித்த இடத்துக்கே திரும்பலாம். குழியையும் பந்து கடைசியாக விளிம்பைத் தாண்டிய இடத்தையும் இணைக்கும் நேர்கோட்டில் பின்னால் போகலாம். அல்லது தாண்டிய இடத்திலிருந்து இரண்டு கிளப் (கோல்ஃப் மட்டை) நீளத்துக்குள், குழிக்கு நெருங்காமல், முழங்கால் உயரத்தில் பந்தை விடலாம். மஞ்சள் கம்பானால் இந்த மூன்றாவது வழி கிடையாது.

வரப்பைத் தாண்டினால் பழைய இடத்துக்கே போக வேண்டும். அடித்தது ஒன்று, அபராதம் ஒன்று, இனி அடிப்பது மூன்றாவது. வாய்க்காலிலும் கணக்கு அதேதான். வரப்பைத் தாண்டினாலோ தூரமும் போச்சு. மூன்று நிமிடம் தேடியும் கிடைக்காத பந்துக்கும் இதே கதி. பழைய புத்தகங்களில் ஐந்து நிமிடம் என்றிருக்கும்; 2019-ல் மாற்றிவிட்டார்கள். புரட்டாசி மழையில் தேங்கிய குட்டைக்கு மட்டும் அபராதமில்லாமல் நகரலாம்.

தவறான பந்தை அடித்தால், மொத்த அடிகள் குறைந்தவர் ஜெயிக்கும் ஸ்ட்ரோக் பிளேயில் இரண்டு அடி அபராதம்; குழிக்குக் குழி யார் ஜெயித்தார் என்று எண்ணும் மேட்ச் பிளேயில் அந்தக் குழியே போச்சு.

மதிப்பெண் அட்டைக்கு 1968 மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ரொபெர்தோ டி விசென்சோ 17-வது குழியை 3 அடியில் முடித்தார். அட்டையைக் குறித்த சக வீரர் 4 என்று எழுத, இவர் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார். கூடுதலாக எழுதினால் அதுவே நிற்கும். அந்த ஒரு அடி வித்தியாசத்தில் பாப் கோல்பி ஜெயித்தார். குறைவாக எழுதியிருந்தால் தகுதி நீக்கம். இதைக் கேட்டதும் பெரியப்பா, "சொசைட்டி பாரத்துலயும் அப்படித்தான்டா" என்றார்.

இரண்டாம் வைவாவில் எல்லாம் சரி, ஒன்றைத் தவிர. பந்தை அடிக்க வீசி, அது மட்டையில் படாவிட்டாலும் ஒரு அடி கணக்கு. இல்லை என்று சொல்லித் தொலைத்தேன்.