பம்ப் ஊரில் இன்டர்ன்ஷிப் தேடுவோருக்கு

நவம்பர் பிறந்துவிட்டால் எங்கள் நிறுவனத்தின் பொது மின்னஞ்சல் முகவரிக்கு இன்டர்ன்ஷிப் கேட்டுக் கடிதங்கள் வரத் தொடங்கிவிடும். கோவையில் நடுத்தர அளவிலான ஒரு பம்ப் தயாரிப்பு நிறுவனத்தின் வடிவமைப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எங்களிடம் மனிதவளத் துறை என்று தனியாக ஒன்று கிடையாது என்பதால், அக்கடிதங்கள் சுற்றிச் சுற்றி என் மேசைக்குத்தான் வந்து சேரும். புகழ்பெற்ற தங்கள் நிறுவனத்தில் பயிற்சி பெற்று அறிவை வளர்த்துக்கொள்ள விழைகிறேன், எந்தப் பிரிவில் வாய்ப்பளித்தாலும் ஏற்றுக்கொள்வேன் என்பதுதான் பெரும்பாலானவற்றின் சாரம். சிலவற்றில் வேறொரு நிறுவனத்தின் பெயர் அழிக்கப்படாமல் அப்படியே இருக்கும். யாரோ ஒரு சீனியர் கொடுத்த மாதிரிக் கடிதம் விடுதி முழுக்கச் சுற்றி வந்திருக்கிறது என்பது பார்த்தாலே தெரியும்.

இப்படிப்பட்ட கடிதத்துக்கு என்ன பதில் எழுதுவது என்பது எனக்கு உண்மையிலேயே விளங்குவதில்லை. ஒரு மாணவரை உள்ளே விடவேண்டுமானால் அவர் எந்தப் பிரிவில் இருப்பார், யார் அவரைக் கவனித்துக்கொள்வார், எத்தனை வாரம் இருப்பார் என்பதை நான் முடிவு செய்து, தொழிற்சாலை மேலாளரிடம் போய்ச் சொல்ல வேண்டும். எந்தப் பிரிவானாலும் சரி என்று எழுதுபவர் பணிவாக இருப்பதாக நினைத்துக்கொண்டு அந்த வேலை முழுவதையும் என் தலையில் கட்டிவிடுகிறார்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவர் எழுதிய கடிதம் பத்து வரிகூட இருக்காது. தோட்டத்துக் கிணற்றில் ஓடும் 5 எச்.பி. சப்மெர்சிபிள் மோட்டார் முன்பு 200 லிட்டர் பேரலை 50 வினாடியில் நிரப்பியது, இப்போது 70 வினாடி ஆகிறது, கிணற்றின் நீர்மட்டம் அப்படியேதான் இருக்கிறது, எனவே தேய்மானம் பம்புக்குள்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன், இதை, பம்புகளை ஓட்டிச் சோதிக்கும் உங்கள் டெஸ்ட் பெட்டில் எப்படி அளக்கிறீர்கள் என்று வந்து பார்க்கலாமா என்று கேட்டிருந்தார். அன்று மாலையே கூப்பிட்டேன். மேலாளரிடம் விளக்கவும் அதிகம் தேவைப்படவில்லை. சர்வீசுக்குத் திரும்பி வரும் பம்புகளைப் பிரித்து, உள்ளே சுழன்று நீரைத் தள்ளும் இம்பெல்லருக்கும் அதைச் சுற்றியுள்ள வேர் ரிங் என்ற வளையத்துக்கும் இடையிலான இடைவெளியை அளந்து, அது எவ்வளவு கூடினால் நீரளவு எவ்வளவு குறைகிறது என்று அட்டவணை போட ஓர் ஆள் வேண்டும் என்பது எங்களுக்கே நெடுநாளாக இருந்த தேவை.

அவர் முதல் வாரம் முழுக்க அளக்கவே கற்றுக்கொண்டார். டெஸ்ட் பெட்டில் டெலிவரி வால்வைப் படிப்படியாக மூடிக்கொண்டே வந்து, ஒவ்வொரு நிலையிலும் அழுத்தம், நீரளவு, வோல்டேஜ், கரண்ட், பவர் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். சப்மெர்சிபிள் பம்ப்செட்டுகளுக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 8034 என்ன சொல்கிறது என்று அவர் படித்துவிட்டு வந்திருந்தார். ஆனாலும் அவசரப்பட்டு எழுதிய முதல் அட்டவணையைப் பார்த்த எங்கள் மேஸ்திரி, "ரீடிங் எழுதறதுக்கு முன்னால ஊசி ஆடாம நிக்குதான்னு பாருங்க தம்பி" என்று சொல்லி, அத்தனையையும் திரும்ப எடுக்க வைத்தார். கல்லூரி ஆய்வகத்தில் வரும் அளவுகள் ஏன் ஒருபோதும் பாடப்புத்தக வளைகோட்டில் உட்காருவதில்லை என்பது அன்றுதான் புரிந்தது என்று பிறகு என்னிடம் சொன்னார்.

எல்லோருக்கும் தோட்டமும் கிணறும் இருக்காது என்பது தெரியும். ஆனால் ஒரு பொருளை, அதைச் செய்யும் நிறுவனத்தை, அங்கே நடக்கும் ஏதேனும் ஒரு வேலையைக் குறிப்பிட்டுக் கேட்பது யாராலும் முடிகிற காரியம். உலோகத்தை உருக்கி வார்க்கும் ஃபவுண்டரிக்கு எழுதுகிறவர் காஸ்டிங்கில் காற்று சிக்கி வரும் புளோ ஹோல் என்ற ஓட்டை பற்றிக் கேட்கலாம். மெஷின் ஷாப்புக்கு எழுதுகிறவர் ஒரு வேலைக்குப் பாகத்தை அசையாமல் பிடித்துக்கொள்ளும் ஃபிக்ஸ்சர் வடிவமைத்துத் தருகிறேன் என்று சொல்லலாம். சாலிட்வொர்க்ஸ் என்ற வரைபட மென்பொருள் தெரியும் என்று பயோடேட்டாவில் எழுதுவதைவிட, வீட்டிலுள்ள ஏதாவது ஒரு பாகத்தை வெர்னியரால் அளந்து நீங்களே வரைந்த ஒரு வரைபடத்தை இணைத்து அனுப்புவது பத்து மடங்கு பேசும்.

எங்கே கேட்பது என்பதிலும் மாணவர்கள் தேவையில்லாமல் சிரமப்படுகிறார்கள். எல்லோரும் அறிந்த பெரிய நிறுவனங்களின் இணையதளங்களில் விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்பதிலேயே செமஸ்டர் கழிந்துவிடுகிறது. கோவையிலோ கணபதி, பீளமேடு, குறிச்சி சிட்கோ, அரசூர் என்று நகரத்தைச் சுற்றிலும் பம்ப், மோட்டார், வெட் கிரைண்டர், வால்வு, கியர், டெக்ஸ்டைல் இயந்திர பாகங்கள் செய்யும் சிறு, நடுத்தரத் தொழிற்சாலைகள் நிறைந்திருக்கின்றன. கொடிசியா, சீமா போன்ற தொழில் அமைப்புகளின் உறுப்பினர் பட்டியலைப் பார்த்தால் உங்கள் துறைக்குப் பொருந்தும் பெயர்கள் நிறையவே கிடைக்கும். அவிநாசி சாலையிலுள்ள கொடிசியா வளாகத்தில் நடக்கும் அக்ரி இன்டெக்ஸ், இன்டெக் கண்காட்சிகளுக்குப் போவது இன்னும் நல்லது, ஏனெனில் சிறு நிறுவனங்களின் ஸ்டாலில் நின்றுகொண்டிருப்பவர் பெரும்பாலும் முதலாளியாகவோ அவருடைய மகனாகவோதான் இருப்பார். கூட்டம் ஓய்ந்திருக்கும் முற்பகலில் போய்ப் பேசினால் மின்னஞ்சலில் மாதக்கணக்கில் நடக்காதது அங்கேயே முடிந்துவிடும். பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியின் சாண்ட்விச் படிப்பைப் போல, பட்டறை வேலையையும் படிப்பையும் சேர்த்தே அமைத்த பாடத்திட்டத்தில் பயில்பவர்களுக்கு இந்த அலைச்சல் குறைவு. மற்றவர்கள் கதவைத் தட்டித்தான் ஆக வேண்டும்.

காலம் பார்த்துத் தட்டுவதும் முக்கியம். கோடை விடுமுறை என்பதால் எல்லோரும் மே மாதத்தைக் கேட்கிறார்கள். பம்ப் தொழிலிலோ கோடைதான் சீசன். பிப்ரவரி தொடங்கி மழை வரும்வரை டெஸ்ட் பெட் காலியாக இருக்காது. அசெம்பிளியில் இருப்பவர்களுக்கு மாணவரிடம் நின்று பேச நேரம் இருக்காது. டிசம்பர் விடுமுறையிலோ, ஜூன் பிற்பகுதியிலோ வந்தால் அதே ஆட்கள் உட்காரவைத்துச் சொல்லித்தருவார்கள். எந்தத் தொழிலானாலும் மாதக் கடைசி வாரத்தில் போய்க் கேட்காதீர்கள். டிஸ்பேட்ச் நெருக்கடியில் வாசலிலேயே அனுப்பிவிடுவார்கள்.

மாணவிகளுக்கு இதில் கூடுதலாக ஒரு தடை உண்டு என்பதை மழுப்பாமல் சொல்ல வேண்டும். நான் படித்த காலத்தில் கேட்ட அதே வாக்கியத்தை இன்றும் சில பட்டறைகளில் கேட்கலாம்: "லேடீஸுக்கு வசதி இல்லீங்க." பல இடங்களில் அது கழிப்பறை இல்லை என்பதைச் சொல்லும் விதம், சில இடங்களில் வெறும் தயக்கம். தொலைபேசியிலேயே நேராகக் கேட்டுவிடுங்கள், அலைச்சல் மிச்சமாகும். மோட்டார் வைண்டிங், அசெம்பிளி பிரிவுகளில் ஏற்கெனவே பெண்கள் நிறையப் பேர் வேலை செய்யும் தொழிற்சாலைகள் இங்கே பல உள்ளன, அங்கே இந்தக் கேள்வியே எழாது. இருவராகச் சேர்ந்து விண்ணப்பித்தால் தயங்குகிறவர்களும் பெரும்பாலும் சம்மதித்துவிடுகிறார்கள். ஆனால், மாணவிகள் என்பதாலேயே ஆவணங்களைத் தட்டச்சு செய்ய அலுவலகத்தில் உட்காரவைத்தால், இரண்டாம் நாளே வாய்திறந்து ஷாப் ஃப்ளோருக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

பணம் வாங்கிக்கொண்டு சான்றிதழ் தரும் கடைகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, ஆனால் சொல்லாமலும் இருக்க முடியவில்லை. சில ஆயிரம் ரூபாய்க்கு மூன்று நாள் சுற்றிக்காட்டிவிட்டு, பதினைந்து நாள் இன்-பிளான்ட் டிரெயினிங் என்று அச்சிட்டுக் கொடுப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். நேர்முகத் தேர்வில் அந்தத் தாளை நான் ஒதுக்கி வைத்துவிட்டு, அங்கே பார்த்த ஏதாவது ஒரு பாகம் என்ன உலோகம், ஏன் அந்த உலோகம் என்று கேட்பேன். உண்மையாக நின்று பார்த்தவர் தப்பாகவாவது ஏதோ ஒன்று சொல்வார்.

அரசுத் திட்டங்கள் பற்றியும் குழப்பம் நிறைய இருக்கிறது. 2024 பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டு, அதே ஆண்டு அக்டோபரில் முன்னோட்டமாகத் தொடங்கிய பிரதமரின் இன்டர்ன்ஷிப் திட்டத்தில் மாதம் 5,000 ரூபாய் என்று அறிவித்ததைப் பார்த்துவிட்டு இரண்டாம் ஆண்டு மாணவர்கள்கூட என்னிடம் விசாரிக்கிறார்கள். அது தொடங்கியபோது முழுநேரமாகப் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு அதில் இடமில்லை. 1961ஆம் ஆண்டு தொழிற்பழகுநர் சட்டத்தின் கீழ் வரும் ஓராண்டுப் பயிற்சியும் பொதுவாகப் பட்டமோ டிப்ளமோவோ முடித்தவர்களுக்கானது. 2019இல் அதன் விதிகள் திருத்தப்பட்டபோது பட்டதாரிகளுக்குக் குறைந்தது 9,000 ரூபாய், டிப்ளமோ படித்தவர்களுக்கு 8,000 ரூபாய் என்று மாத உதவித்தொகை வகுக்கப்பட்டது. இவை இரண்டும் பொதுவாகப் படிப்பு முடிந்த பிறகு யோசிக்க வேண்டியவை. தொழிற்சாலையைவிட ஆராய்ச்சியில் நாட்டமுள்ளவர்கள், இந்தியாவின் மூன்று அறிவியல் அகாடமிகளும் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு நல்கை (ஃபெலோஷிப்), பெங்களூரு ஜவஹர்லால் நேரு மேம்பட்ட அறிவியல் ஆய்வு மையத்தின் நல்கை, சென்னை ஐ.ஐ.டி.யின் கோடை நல்கை ஆகியவற்றின் அறிவிப்புகளைக் கவனிக்க வேண்டும். சிலவற்றுக்கு முந்தைய ஆண்டு இறுதிக்குள்ளேயே விண்ணப்பம் முடிந்துவிடும் என்பதால், ஏப்ரலில் தேடத் தொடங்குபவருக்கு அவை எட்டாது.

சம்பளம் கேட்கலாமா என்ற கேள்விக்கு என் கருத்து இது: இரண்டு வாரம் பார்த்துக் கற்றுக்கொள்ள வருகிறவருக்கு மதியச் சாப்பாடும் பஸ் செலவும் கொடுத்தாலே போதும். ஆனால் இரண்டு மாதம் ஒருவரை வைத்துக்கொண்டு, நிறுவனத்துக்குப் பயன்படும் வரைபடங்களை அவரிடமிருந்து வாங்குகிறவர்கள் ஸ்டைபெண்ட் கொடுத்தே ஆக வேண்டும். எங்கள் நிறுவனத்தில் இதை ஏற்கவைக்க நான் கொஞ்சம் சண்டை போட வேண்டியிருந்தது. கேட்கத் தயங்காதீர்கள், சேருவதற்கு முன்பே கேளுங்கள், சேர்ந்த பிறகு கேட்டால் முகம் சுளிப்பார்கள்.

கல்லூரியிலிருந்து போனஃபைட் சான்றிதழும் துறைத் தலைவரின் கடிதமும் கையோடு இருக்கட்டும். பாதுகாப்புக் காலணி உங்கள் அளவில் அங்கே கிடைக்கும் என்று நம்பாமல் சொந்தமாக வாங்கிக்கொள்ளுங்கள். தினமும் செய்ததை நோட்டில் தேதி போட்டு எழுதி, வாரம் ஒருமுறை சூப்பர்வைசரின் கையெழுத்து வாங்கிவிட்டால் கடைசியில் அறிக்கை எழுதத் திண்டாட வேண்டியதில்லை. அந்த அறிக்கையில் சேர்க்க நினைக்கும் வரைபடங்களையும் புகைப்படங்களையும் கிளம்புவதற்கு முன்பே நிறுவனத்தாரிடம் காட்டி ஒப்புதல் பெற்றுவிடுங்கள். வாடிக்கையாளரின் பெயரோ பாகத்தின் எண்ணோ படத்தில் இருந்தால் அதை மறைக்கச் சொல்வார்கள், அதைக் கல்லூரியில் சமர்ப்பித்த பிறகு சரிசெய்வது இரு தரப்புக்கும் தொல்லை.