தாய் நாயும் ஐந்து குட்டிகளும்: தத்துக் கொடுத்து முடிப்பதற்குள்

ஐந்து குட்டிகளும் தாயும் வீடு சேர்ந்துவிட்டன. கடைசிக் கையெழுத்தும் வாங்கியாகிவிட்டது. நாயைப் பிடித்தது, வைத்தியம் பார்த்தது, வீடு தேடியது எல்லாவற்றையும் விட, நாய்களை மீட்டுத் தத்துக் கொடுக்கும் எங்கள் குழுவை அதிகம் அலைக்கழித்தது ஒரு சின்ன ஸ்டிக்கர். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

தடுப்பூசிக் குப்பியில் உரித்து ஒட்டுகிற மாதிரி ஒரு ஸ்டிக்கர் இருக்கும். மருந்தின் பெயர், பேட்ச் எண், காலாவதித் தேதி எல்லாம் அதில்தான். இரண்டு குட்டிகளின் அட்டையில் வெறும் தேதி மட்டும் எழுதியிருந்தது. ஸ்டிக்கரும் இல்லை, டாக்டர் கையெழுத்தும் இல்லை. தத்தெடுத்த குடும்பத்தின் டாக்டர் அந்த ஊசிகளைக் கணக்கில் எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னது நியாயம். எந்த மருந்து, என்றைக்கு, யார் போட்டது என்று தெரியாத ஊசியைப் போடாத ஊசியாகத்தான் கொள்ள முடியும்.

ஊசி போட்ட கிளினிக்கில் கேட்டால், கோப்பு எண் இல்லாமல் தேட முடியாது என்றார் கவுண்டரில் இருந்தவர். தேதியைச் சொன்னோம், நிறத்தைச் சொன்னோம், அசையவில்லை. கோப்பு யார் பெயரில் என்று பார்த்தால், அன்றைக்கு வண்டியில் கொண்டுபோன தன்னார்வலர் பெயரில். அடுத்த ஊசிக்கு வேறொருவர் போனார், அவர் பெயரில் இன்னொரு கோப்பு. ஒரே ஈற்றுக் குட்டிகள் இப்படி மூன்று பேர் பெயரில் சிதறிக் கிடந்தன. கடைசியில் கைகொடுத்தது, குட்டிகளைத் தற்காலிகமாக வீட்டில் வைத்து வளர்த்த ஃபாஸ்டர் எழுதி வைத்திருந்த எடை நோட்டு. டாக்டரிடமே நேரில் போய், அன்றைய பதிவேட்டில் இருந்த எடையையும் நோட்டில் இருந்த எடையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினோம். எது எந்தக் குட்டி என்று அவரே அடையாளம் கண்டு, பேட்ச் எண் எழுதி, கையெழுத்தும் முத்திரையும் போட்டுத் தந்தார்.

புதிதாகக் குழு நடத்துகிறவர்களுக்குச் சொல்வது இதுதான். யார் கொண்டுபோனாலும் கோப்பு குழுவின் பெயரில்தான் திறக்க வேண்டும், கூடவே விலங்கின் குறியீடு. ஊசி போட்ட அறையை விட்டு வெளியே வருவதற்குள் ஸ்டிக்கர், கையெழுத்து, முத்திரை மூன்றையும் சரிபார்த்து அட்டையைப் படம் எடுத்துக் குழுவுக்கு அனுப்பிவிட வேண்டும். ஒரே நிறக் குட்டிகள் என்றால் முதல் நாளே ஆளுக்கொரு நிறப் பட்டை கட்டுங்கள். குட்டி வளர வளர பட்டை இறுகும், இரண்டு நாளுக்கு ஒருமுறை விரல் நுழைகிறதா என்று பார்த்துத் தளர்த்த வேண்டும்.

பிடிப்பதில் சிக்கல் வரவில்லை. குட்டிகளைக் கூண்டில் வைத்து, அதைப் பொறிக்கூண்டுக்குப் பின்னால் வைத்தால் தாய் தானாக உள்ளே வந்துவிடும். தாயை விட்டுவிட்டுக் குட்டிகளை மட்டும் தூக்கி வருவதுதான் கூடாது.

அடுத்து தனிமைப்படுத்தல். 14 நாள். குட்டிகளின் குடலைத் தாக்கிக் கொல்லும் பார்வோ வைரஸ் உடம்பில் புகுந்த பிறகு அறிகுறி காட்டப் பெரும்பாலும் ஒரு வாரம் எடுக்கும், சில சமயம் இரண்டு வாரம் வரை போகும். ஐந்தாம் நாளே குட்டிகள் துள்ளி விளையாடும். "நல்லாத்தானே இருக்கு, கூடத்தில் விடலாமா?" என்று ஃபாஸ்டர் கேட்பார். கூடாது. அவர் வீட்டு நாய்க்கு ஊசி முடிந்திருந்தாலும், வந்துபோகும் மற்ற தன்னார்வலர்களின் செருப்பில் ஒட்டிக்கொண்டு அந்த வைரஸ் அடுத்த ஃபாஸ்டர் வீட்டுக்குப் போகும்.

கிருமிநாசினி விஷயத்தில் ஏமாறாதீர்கள். கடையில் கிடைக்கும் சாதாரணத் தரை துடைக்கும் திரவங்கள் பலவற்றுக்குப் பார்வோ சாகாது. சோப்புப் போட்டு மலம், மூத்திரம் எல்லாவற்றையும் கழுவித் துடைத்த பிறகு, 5 முதல் 6 சதவீத ப்ளீச் ஒரு பங்குக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து, தரை 10 நிமிடம் ஈரமாகவே இருக்கும்படி விட வேண்டும். அழுக்கின் மேல் ஊற்றினால் ப்ளீச் வேலை செய்யாது. மூத்திரத்தின் மேல் நேராக ஊற்றினால் மூச்சை அடைக்கும் வாயு கிளம்பும். மண் தரையை இப்படிச் சுத்தம் செய்யவே முடியாது. அங்கே வைரஸ் மாதக்கணக்கில், ஓராண்டு வரைகூடத் தாங்கும். அதனால்தான் தத்து விண்ணப்பத்தில் "கடந்த ஓராண்டில் உங்கள் வீட்டில் நாய்க்குட்டி ஏதாவது நோயில் இறந்ததா?" என்ற கேள்வியை வைத்திருக்கிறோம். ஆம் என்று வந்தால், அந்த வீட்டுக்கு ஊசி முழுதாக முடிந்த நாயைத்தான் தருவோம்.

"மூணு ஊசி போட்டாச்சு" என்ற பேச்சைக் கேட்டால் எங்கள் குழுவில் எல்லோரும் உடனே கேட்பது, கடைசி ஊசி எத்தனையாவது வாரத்தில் என்பதுதான். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் ரத்தத்தில் இருக்கும் வரை அது தடுப்பூசியையும் வேலை செய்ய விடாது. அது எந்த வாரம் வடியும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால் 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 2 முதல் 4 வார இடைவெளியில் போட்டு, கடைசி ஊசி 16 வாரம் நிறைந்த பிறகு விழ வேண்டும். 12 வாரத்தில் மூன்று ஊசி முடித்துவிட்டு நிம்மதியாக இருந்த குட்டிகள் பார்வோவில் போவது இதனால்தான். குடற்புழு மருந்து இரண்டாவது வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, எடை பார்த்து. தாய்க்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். உருளைப்புழு தாய்ப்பாலிலும் வரும்.

ஃபாஸ்டர்களைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை. குழுவின் பாரம் முழுவதும் அவர்கள் வீட்டுத் தரையில்தான் விழுகிறது. துணி துவைப்பது, இரவில் எழுவது, தினமும் ஒரே நேரத்தில் எடை பார்ப்பது. எடை ஒரு நாள் ஏறாவிட்டாலே கவனிக்க வேண்டும், இறங்கினால் அன்றே டாக்டர். இன்னொரு பக்கம், 3 முதல் 14 வாரம் வரைதான் குட்டி உலகத்தைப் பயமில்லாமல் பழகிக்கொள்ளும் காலம். ஊசி முடியும் வரை தெருவில் இறக்கவும் கூடாது. அதனால் குட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு வெளியே நின்று வண்டிச் சத்தம், குடை, தொப்பி போட்டவர், குழந்தை என்று ஒவ்வொன்றாகக் காட்டுகிறார்கள். இவ்வளவும் செய்பவரிடம் "எத்தனை வாரம், செலவு யார் ஏற்பது, நள்ளிரவில் யாரைக் கூப்பிடுவது, ஊருக்குப் போனால் மாற்று வீடு எது" என்ற நாலும் எழுத்தில் இல்லாமல் குட்டிகளை ஒப்படைக்கும் குழுக்கள், அடுத்த ஈற்றுக்கு அவரைத் தேட வேண்டியிருக்கும். ஃபாஸ்டரே ஒன்றை வைத்துக்கொள்ள ஆசைப்பட்டால் தாராளமாகத் தரலாம். ஆனால் அந்தக் குட்டியின் படத்தை வெளியிடுவதற்கு முன் சொல்லிவிட வேண்டும். ஒரு குடும்பத்துக்கு நம்பிக்கை கொடுத்த பிறகு மறுப்பது மிகவும் கசப்பான வேலை.

படம் வெளியான அன்றே தொலைபேசி ஓயாது. பாதிப்பேர் கேட்பது ஐந்து வாரக் குட்டியை இப்போதே தர முடியுமா என்று. 8 வாரத்துக்கு முன் தாயிடமிருந்தும் கூடப்பிறந்தவற்றிடமிருந்தும் பிரிக்க மாட்டோம். கடிக்கும் அழுத்தத்தைக் குறைக்க அது கற்றுக்கொள்வது அந்த விளையாட்டில்தான்.

ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்விகளால் பயனில்லை. "நாயைப் பார்த்துக்கொள்வீர்களா?" என்றால் எல்லோரும் ஆம் என்பார்கள். "வெளியூர் போகும்போது எங்கே விடுவீர்கள்?", "இதற்கு முன் வளர்த்தது இப்போது எங்கே?" என்று கேட்டால் விவரம் வரும். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரின் சம்மதம் எழுத்தில் வேண்டும். ஒரு குட்டி திரும்பி வந்தது இந்த ஒரு தாள் இல்லாததால்தான். வாய்மொழியாகச் சரி என்ற வீட்டுக்காரர் நாய் வந்த பிறகு மறுத்துவிட்டார். பிறந்த நாளுக்குத் திடீர்ப் பரிசாகக் கொடுக்க வேண்டும் என்பவர்களுக்கு இல்லை, வீட்டில் எல்லோரும் குட்டியைப் பார்த்த பிறகுதான். வீட்டைப் பார்ப்பது காணொளி அழைப்பிலேயே முடியும். கேட்டுக்கு அடியில் உள்ள இடைவெளி, பால்கனிக் கம்பிகளுக்கு நடுவில் உள்ள அகலம், மதில் உயரம் இவற்றைக் காட்டச் சொல்லுங்கள்.

அதே சமயம், வேலைக்குப் போகிறவர்களுக்குத் தரவே மாட்டோம் என்ற விதியை நாங்கள் எடுத்துவிட்டோம். அது நல்ல வீடுகளைத்தான் தடுத்தது. பகலில் நடுவே வந்து பார்க்க ஆள் இருக்கிறதா என்பதுதான் கேட்க வேண்டியது.

மறுப்புச் சொல்லும் தன்னார்வலர் வாங்கும் வசவு தாங்க முடியாதது. முடிவை இருவர் சேர்ந்து எடுக்க வேண்டும், செய்தி குழுவின் எண்ணிலிருந்து மட்டும் போக வேண்டும், ஃபாஸ்டரின் முகவரி யாருக்கும் போகக் கூடாது. முதலில் கேட்டவருக்கே என்ற முறை கிடையாது என்பதை முதல் பதிலிலேயே எழுதிவிட்டால் பாதிச் சண்டை வராது.

நாயின் தோலுக்கடியில் அடையாளத்துக்காகப் போடும் மைக்ரோசிப்பில் இன்னொரு தலைவலி. சிப் போடுவதும் பதிவு செய்வதும் வேறு வேறு வேலை. 15 இலக்க எண்ணைத் தவிர அந்தச் சிப்பில் எதுவும் இல்லை. அந்த எண்ணுக்கு எதிரே யார் பெயர் பதிவாகியிருக்கிறது என்பதுதான் எல்லாமே. தாய் நாயின் எண், குழுவை விட்டுப் போய்விட்ட ஒருவரின் மின்னஞ்சலில் பதிவாகியிருந்தது. பெயர் மாற்ற வேண்டுமானால் அந்த மின்னஞ்சலிலிருந்தே உறுதி வர வேண்டும் என்று பதிவு நிறுவனத்தில் ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். பழைய தன்னார்வலரைத் தேடிப் பிடித்து முடித்தோம். பதிவுக்கு எப்போதும் குழுவின் பொது மின்னஞ்சல், கடவுச்சொல் இருவரிடம். ஒப்படைக்கும் நாளில் ஸ்கேனர் வைத்து எண்ணை வாய்விட்டுப் படித்து, மற்றொருவர் தாளோடு ஒப்பிட வேண்டும். ஒரு குட்டியின் தாளில் இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருந்தது அப்படித்தான் தெரிந்தது. தோள்பட்டைகளுக்கு நடுவே போட்ட சிப் நகரும், அதனால் கழுத்து, தோள், முன்னங்கால் பக்கம் வரை ஸ்கேனரை மெதுவாக ஓட்டுங்கள்.

கடி பற்றி ஒரு வார்த்தை. நாயைக் கொன்றுவிடுவார்களோ, தன்னைக் குழுவிலிருந்து நீக்கிவிடுவார்களோ என்று பயந்து கடியை மறைக்கும் தன்னார்வலர்கள் உண்டு. ரேபிஸ் வந்துவிட்டால் பிழைக்க வழியில்லை. சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனை போக வேண்டும். நாய்களைத் தொடும் எல்லோரும் முன்கூட்டியே ஊசி போட்டுக்கொள்வது நல்லது. உலக சுகாதார நிறுவனத்தின் 2018 வழிகாட்டல்படி முதல் நாளும் ஏழு நாள் கழித்தும் இரண்டு ஊசி போதும். பிறகு கடிபட்டாலும் கடிபட்ட அன்றும் மூன்று நாள் கழித்தும் மறு ஊசி கட்டாயம் போட்டுக்கொள்ள வேண்டும். காயத்தில் செலுத்தும் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புச் சக்தி மருந்து மட்டும் தேவைப்படாது.

நாய் தப்பி ஓடுவது பெரும்பாலும் ஒப்படைத்த முதல் சில நாளில். ஹார்னஸில், அதாவது மார்பைச் சுற்றிக் கட்டும் பட்டையில், ஒரு கயிறு, கழுத்தில் தானாக இறுகும் கயிறு ஒன்று, இரண்டும் வேண்டும். வண்டியில் கூண்டு. வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திய பிறகுதான் கயிற்றை அவிழ்க்க வேண்டும். பழைய உணவையே ஒரு வாரம் தொடரச் சொல்கிறோம், முதல் நாளே குளிப்பாட்டுவதும் உறவினரை வரவழைப்பதும் வேண்டாம் என்கிறோம். ஒப்பந்தத்தில் இரண்டு வரி கட்டாயம்: எந்த வயதிலும் எந்தக் காரணத்துக்கும் வளர்க்க முடியாவிட்டால் எங்களிடமே திருப்பித் தர வேண்டும், கருத்தடை அறுவைக்கு இன்ன தேதி. ஆண் குட்டிக்கு அறுவை முடிந்த பிறகும் சில வாரம் கருத்தரிக்க வைக்கும் சக்தி இருக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். திருப்பித் தருகிறவரைத் திட்டக் கூடாது. திட்டினால் அடுத்தவர் தெருவில் விட்டுவிடுவார்.

தாய்க்குப் பால் வற்றி இரண்டு வாரம் ஆன பிறகு அறுவை முடித்தோம், தையல் ஆறும் வரை 10 முதல் 14 நாள் கழுத்துக் கூம்பு. அவளுக்கு வீடு கிடைத்ததுதான் எல்லாவற்றிலும் தாமதம். குட்டிகளுக்கு வந்த விண்ணப்பங்களில் பத்தில் ஒரு பங்குகூடத் தாய்க்கு வரவில்லை. அடுத்த ஈற்று வரும்போது தாயின் படத்தைக் குட்டிகளுக்கு முன்பே வெளியிடப் போகிறோம். குட்டி கிடைக்காதவர்களிடம், பெரிய நாய் என்றால் ராத்திரியில் தூங்க விடும், குணம் முன்பே தெரியும், ஊசியும் அறுவையும் முடிந்திருக்கும் என்று அன்றே பேசுங்கள். அவளை அழைத்துப்போன குடும்பமும் முதலில் குட்டி கேட்டு வந்தவர்கள்தான்.